ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குத் தமிழில் சொந்தமாக நாலு வரி எழுத வரவில்லை. தினமும் ஒரு கட்டுரை எழுத வைத்தால் சரியாகுமா?

தினமும் எழுத வையுங்கள், கட்டாயம் வரும். கட்டுரை மட்டும் வேண்டாம்.

சென்னை வியாசர்பாடியில் ஒரு மாலை வகுப்பில் தமிழ் சொல்லித் தருகிறேன். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை பிள்ளைகள் வருகிறார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளையிடம் 'மழை பற்றி எழுது' என்றால், கை தானாக 'முன்னுரை' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடும். அடுத்த வரியில் வள்ளுவர் வந்துவிடுவார். அதற்குப் பிறகு முழுக்க நோட்ஸ். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், பிழையும் இருக்காது, ஆனால் அந்தப் பிள்ளை யோசித்து எழுதியது ஒரு வரிகூட இருக்காது. இதையே தினமும் எழுதச் சொன்னால் மனப்பாடம்தான் இன்னும் இறுகும்.

அதே பிள்ளையிடம் வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள். "மழை பெஞ்சா உங்க தெருவுல முதல்ல எங்க தண்ணி நிக்கும்? கணேசபுரம் சுரங்கப்பாதைய மூடிட்டா ஸ்கூலுக்கு எப்படிப் போவ?" இதற்கு எந்த நோட்ஸிலும் பதில் கிடையாது. ஒரு பையன் எழுதியது: "முதல்ல கறிக்கடை வாசல்லதான் நிக்கும். கறிக்கடைக்காரர் ரெண்டு செங்கல் போட்டு அதுமேல நின்னு வெட்டுவாரு. எங்க வூட்டுக்கு வர நைட் ஆவும்." இலக்கணப்படி பார்த்தால் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் படிக்கிறவருக்கு அந்தச் செங்கல் தெரிகிறது. எழுத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பேச்சு வழக்கில் எழுதுகிறானே என்று உடனே பதறாதீர்கள். என்ன சொல்வது, அதை எழுத்துத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் கொடுப்பதால்தான் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் பேசுகிற மாதிரியே எழுதட்டும். 'நிக்கும்' என்பதை 'நிற்கும்' என்றும், 'வூடு' என்பதை 'வீடு' என்றும் மாற்றுவது மறுநாள் வேலை. அதை அவர்களே செய்வார்கள், கொஞ்சம் விளையாட்டாகக்கூட.

நேரம் 15 நிமிடம் போதும், தினமும் ஒரே நேரத்தில். சனிக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

திருத்துவதில்தான் பெரியவர்கள் கெடுக்கிறோம். பக்கம் முழுக்கச் சிவப்பு மையைப் பார்த்த பிள்ளை அடுத்த நாள் பிழை வராத சின்னச் சின்ன வாக்கியமாகப் பார்த்து எழுதும். வாரத்துக்கு ஒரே ஒரு பிழை வகையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் 'ஐ' உருபுக்குப் பிறகு ஒற்று மட்டும்: 'கதவை திறந்தான்' அல்ல, 'கதவைத் திறந்தான்'. அடுத்த வாரம் 'கு' உருபு: 'கடைக்குப் போனான்'. பிறகு 'மாடுகள் வந்தது' என்பதை 'வந்தன' என்று மாற்றுவது. ல, ள, ழ குழப்பத்துக்கு நம்ம ஊரில் கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும். வாயில் 'வாயப்பயம்' என்று வருகிற பிள்ளை காதை நம்பி எழுத முடியாது. அந்தச் சொற்களைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். இதற்கு நான் தினசரியில் வரும் பெட்டிச் செய்தியைப் பயன்படுத்துகிறேன். ஒரு முறை படித்து, மூடி வைத்துவிட்டு, சொந்த வாக்கியத்தில் எழுதி, பிறகு அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது.

எழுதியதை யாராவது கேட்க வேண்டும், இது முக்கியம். எங்கள் வகுப்பில் மறுநாள் சத்தமாக வாசிப்பார்கள். கேட்கிறவர்கள் 'சூப்பர்' என்று சொல்லக் கூடாது, ஒரு கேள்வி கேட்க வேண்டும். "செங்கல் எங்கேருந்து எடுத்தாரு?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த வாரக் கடைசியில் அவன் திருப்பி எழுதியபோது செங்கல்லுக்குத் தனியாக ஒரு பத்தியே வந்துவிட்டது. வாரம் முழுக்க எழுதியதில் ஒன்றை எடுத்து மறுபடி எழுதுவதைத் தவறாமல் செய்யுங்கள். நான் பார்த்தவரை பிள்ளைகள் வேகமாக முன்னேறுவது இங்கேதான். வீட்டில் அந்தக் கேள்வியை நீங்களோ பாட்டியோ கேட்கலாம்.

மதிப்பெண்? கவலை நியாயமானதுதான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கட்டுரைக்கு முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை எல்லாம் வேண்டும். அந்தச் சட்டகத்தைத் தேர்வு வருடத்தில் சில வாரங்களில் பழக்கிவிடலாம். அதே தாளில் 'காட்சியைக் கண்டு கவினுற எழுதுக' என்று ஒரு படத்தைக் கொடுத்து எழுதச் சொல்வார்கள். என்ன படம் வரும் என்று தெரியாது, மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

முதல் வாரத்துக்குக் கேள்விகள் வேண்டுமென்றால்: உங்கள் வீட்டில் சண்டை எதற்காக அதிகம் வருகிறது? மாநகரப் பேருந்தில் கண்டக்டர் சில்லறை இல்லை என்றால் என்ன நடக்கும்? கேரம் போர்டில் உன்னை எப்போதும் ஜெயிப்பவன் எப்படி ஆடுகிறான்? தெருவில் யாருக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், ஏன்? கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் வீட்டுக்கு வெளியே வாசிக்க விடாதீர்கள்.