"மிஸ் நல்லவங்க தானே?" – பராமரிப்பாளர் உறவை அளப்பது பற்றிக் கேள்வி பதில்

அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கும், அவர்களோடு வேலை செய்யும் சிறப்பாசிரியர், பராமரிப்பாளர், தெரபிஸ்ட் ஆகியோருக்கும் நடுவே உறவு எப்படி இருக்கிறது என்று அளக்க முடியுமா? இதைப் பற்றி மட்டும் கேளுங்கள், சான்றிதழ், உதவித்தொகைக் கேள்விகள் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். அவையும் வந்தன.

திருச்சி, சிறப்பாசிரியை: உறவை எண்ணில் அளக்க ஸ்கேல் ஏதாவது இருக்கிறதா மேடம்?

இருக்கிறது. 1979ல் எட்வர்ட் போர்டின் என்ற அமெரிக்க உளவியலாளர், சிகிச்சை தருபவரும் பெறுபவரும் சேர்ந்து உழைப்பதை மூன்றாகப் பிரித்தார். எதற்காக இதைச் செய்கிறோம் என்பதில் ஒத்துப்போவது, என்ன செய்யப் போகிறோம் என்பதில் ஒத்துப்போவது, இருவருக்கும் உள்ள பிடிப்பு. 1989ல் ஹார்வத்தும் கிரீன்பெர்க்கும் இதை 36 வாக்கியங்கள் கொண்ட படிவமாக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். பெயர் 'வொர்க்கிங் அலையன்ஸ் இன்வென்டரி'. பிறகு 12 வாக்கியச் சுருக்கங்களும் வந்தன.

இதற்கு மதிப்பு உண்டு. 2018ல் 295 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உறவுக்கும் சிகிச்சைப் பலனுக்கும் உள்ள தொடர்பு 0.28 அளவில் இருந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). பார்க்கச் சின்ன எண், உளச்சிகிச்சையில் அது கணிசம். ஆனால் அதெல்லாம் உட்கார்ந்து பேசும் சிகிச்சை. குளிக்க வைத்து, சோறூட்டி, வேன் ஏற்றிவிடும் உறவு வேறு. சிகிச்சைக்கு வருபவர் பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வர மாட்டார். இல்லத்தில் இருப்பவர் எங்கே போவார்?

இன்னொன்று. நம் ஊரில் 'பிடிப்பு' மட்டும்தான் விசாரிக்கப்படுகிறது. "மிஸ்ஸைப் பிடிக்குமா?" முடிந்தது. முதல் இரண்டையும் யாரும் தொடுவதில்லை. யாருக்கு என்ன பயிற்சி என்று தனிநபர் திட்டம் எழுதும்போது பெற்றோர் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார். கவர் ஒட்டப் பழகப்போகும் அந்த 30 வயதுக்காரரிடம் கவர் ஒட்ட ஆசையா என்று கேட்டது யார்?

சேலம்: அந்தப் படிவத்தின் பிடிஎஃப் அனுப்ப முடியுமா?

முடியாது. பதிப்புரிமை உள்ள படிவம். அனுமதி வாங்கித்தான் மொழிபெயர்க்கவோ பயன்படுத்தவோ வேண்டும்.

வேலூர், இல்லப் பொறுப்பாளர்: எங்கள் இல்லத்தில் 14 பேரிடம் கேட்டோம். எல்லாரும் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷப்படலாமா?

கேட்கும்போது அறையில் யார் இருந்தது? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நான் வேலைக்கு வந்த புதிதில் ஓர் இல்லத்தில் இதே கூத்து. எல்லாருக்கும் எல்லாரையும் பிடித்திருந்தது. எழுதி முடித்து நிமிர்ந்தால் வார்டன் டீ டம்ளரோடு வாசற்படியில் நிற்கிறார். அடுத்த வாரம் தோட்டத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது ஊழியர்களின் புகைப்படங்களைப் பரப்பி வைத்தேன். ஒருவர் ஒரு படத்தை மட்டும் எடுத்துக் குப்புறக் கவிழ்த்துவிட்டு மறுபடி கடலை உரிக்கப் போய்விட்டார். என் படிவத்தில் அவர் முழு மதிப்பெண் கொடுத்திருந்தார்.

1981லேயே அமெரிக்க ஆய்வாளர் கரோல் சிகல்மனும் உடன் பணியாற்றியவர்களும் இதை எழுதிவிட்டார்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிடம் கேட்டால் எதிரெதிரான இரண்டு கேள்விகளுக்கும் 'ஆமாம்' வரும். சரி, 'இதுவா அதுவா' என்று கேட்டால்? கடைசியாகச் சொன்னதைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் தலைகாட்டும். ஆகவே வரிசையை மாற்றி இன்னொரு முறை கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவின் ராபர்ட் கம்மின்ஸ், வாழ்க்கைத் திருப்தியை அளக்கும் தன் படிவத்துக்கு முன்னால் ஒரு சோதனை வைத்தார். 'உங்கள் உடுப்பு, செருப்பு எல்லாம் நீங்களே தைப்பதா?', 'பக்கத்து வீட்டில் யார் குடியிருக்க வேண்டும் என்று நீங்களா முடிவு செய்தீர்கள்?' என்ற மாதிரிக் கேள்விகள். இவற்றுக்கும் 'ஆமாம்' வந்தால் அன்றைக்குப் படிவத்தை மூடிவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை, யாரும் செய்வதில்லை.

பழியை எல்லாம் பதில் சொல்பவர்கள் மேல் போடவும் கூடாது. 1996ல் ராப்லி, அன்டாக்கி என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய நேர்காணல் பதிவுகளை வரி வரியாகப் பார்த்தார்கள். பதில் சொன்ன பிறகும் பேட்டியாளர் கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்கிறார். முதல் பதில் தப்பு போலிருக்கிறது என்று நினைத்து எதிரில் இருப்பவர் மாற்றிச் சொல்கிறார். நீங்களும் நானும் அதைத்தான் செய்வோம்.

தமிழில் நமக்கென்று தனிப் பொறி இருக்கிறது: 'தானே'. "மிஸ் நல்லவங்க தானே?" இது கேள்வியே இல்லை, கையெழுத்து வாங்குவது. அடுத்தது "பிடிக்கலையா?" அதற்கு "ஆமாம்" என்றால் பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா? எனவே எதிர்மறை வாக்கியம் ஒன்றுகூட வேண்டாம். வொர்க்கிங் அலையன்ஸ் மூலப் படிவத்தில் எதிர்மறை வாக்கியங்கள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

பெயர் வேண்டாம்: சிரிக்கும் முகம், அழும் முகம் போட்ட படம் போதாதா?

முதலில் மூன்று டப்பாவைப் பெரிது, நடு, சிறிது என்று அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கினால் மூன்று முகம் காட்டலாம். அடுக்காவிட்டால் முகங்கள் வெறும் படம். பலர் சிரிக்கும் முகத்தை அழகாக இருக்கிறது என்றுதான் தொடுகிறார்கள்.

மதுரை: பையனுக்கு 18 ஆகிறது, சட்டப் பாதுகாவலர் எப்படி நியமிப்பது?

என் துறை இல்லை. 1999ஆம் வருட நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு உண்டு. ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஈரோடு: ஸ்கேல் பிடிஎஃப் கிடைக்குமா?

சேலத்துக்குச் சொன்னதேதான்.

கோயம்புத்தூர், ஒரு அம்மா: என் மகனுக்கு 26 வயசு. பேச்சு கொஞ்சம்தான். அவனுக்குப் பதிலா நான் நிரப்பக் கூடாதா?

நிரப்பலாம், ஆனால் அது உங்கள் மதிப்பெண். அவர் மதிப்பெண் என்று எழுதக் கூடாது.

அதே அம்மா: என்னங்க இது? 26 வருஷமா வளர்க்கிற எனக்குத் தெரியாததா, பத்து நிமிஷம் டப்பா அடுக்க வைக்கிற உங்களுக்குத் தெரிஞ்சிடும்?

அவரை எனக்குத் தெரியாது, சந்தேகமே இல்லை. ஆனால் மையத்தில் இடம் கிடைக்க நீங்கள் எத்தனை நாள் அலைந்தீர்கள்? இந்த ஆசிரியையும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அந்தப் பயமும் சேர்ந்துதான் மதிப்பெண் போடும்.

முன்னாள் வார்டன்: அம்மா சொல்றதுதான் சரி. பேச்சு வராதவங்களுக்கு வேற யார் பேசுறது? நாங்களும் ராத்திரி பகலா கூடவே இருந்திருக்கோம், எங்க மதிப்பெண்ணும் செல்லாதா?

உளச்சிகிச்சையிலும் சிகிச்சையாளர் போடும் மதிப்பெண்ணும் வருபவர் போடும் மதிப்பெண்ணும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. அதற்காகச் செல்லாது என்று சொல்லவில்லை. இரண்டையும் தனித்தனியாக வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இடைவெளி எங்கே என்று பாருங்கள். சராசரி மட்டும் எடுக்காதீர்கள், ஐயா.

கோயம்புத்தூர் அம்மா: பயம் இருக்குதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா ஒண்ணு. பழைய சார் இருந்தப்ப வேன் தெருமுனை திரும்பினதுமே கையைக் கடிக்க ஆரம்பிச்சிடுவான். இப்ப வந்திருக்கிற மிஸ் லீவுன்னா செருப்பைக் கழட்டி வச்சிட்டு உட்கார்ந்துக்கிறான். இதை எந்தக் கட்டத்துல எழுதுறது?

நான் தோற்றேன். இதை அப்படியே எழுதுங்கள், தேதி போட்டு. 'அவனுக்கு மிஸ்ஸை ரொம்பப் பிடிக்கும், 7க்கு 7' என்பது உங்கள் அபிப்பிராயம். செருப்பைக் கழற்றியது அவருடைய பதில், நீங்கள் அதைக் கண்ணால் பார்த்த சாட்சி. பழைய சார் விஷயத்தை அன்றைக்கு யாராவது எழுதி வைத்தார்களா?

கோயம்புத்தூர் அம்மா: இல்லை. அடம் பிடிக்கிறான்னுதான் டைரியில எழுதி அனுப்பினாங்க.

அந்த டைரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தஞ்சாவூர், பிசியோதெரபிஸ்ட்: பேச்சே கிடையாது, சைகையும் இல்லை. இவர்களிடம்?

படிவத்தை ஓரம் வையுங்கள். வீட்டார் அனுமதியோடு சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். ஸ்பூன் வருவதற்கு முன் ஊழியர் அவர் முகத்தைப் பார்க்கிறாரா? வாய் திறக்கும் வரை காத்திருக்கிறாரா, திணிக்கிறாரா? அவர் ஒரு சத்தம் போட்டால் திரும்பப் பதில் வருகிறதா? எண்ணுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள்.

நாகர்கோவில்: 7 வயதுக் குழந்தைக்கும் இதே படிவமா?

இல்லை. ராபர்ட் பியான்டாவின் ஆசிரியர்–மாணவர் உறவு அளவுகோலைப் பாருங்கள், 28 வாக்கியங்கள். நிரப்புவது ஆசிரியர், ஆகவே அது ஆசிரியர் பார்வை மட்டுமே.

விழுப்புரம்: யாராவது 'பிடிக்கலை, அடிக்கிறாங்க' என்று சொல்லிவிட்டால் என்ன மதிப்பெண் போடுவது?

மதிப்பெண்ணா? பேனாவைக் கீழே வையுங்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவருக்குத் தகவல் கொடுக்கலாம், கொடுங்கள். அன்றிரவு அவர் அதே ஊழியரின் பொறுப்பில் படுக்கக் கூடாது. இதற்கு ஏற்பாடு செய்யாமல் கேள்வி கேட்கவே போகாதீர்கள்.

கரூர்: மேடம், பிடிஎஃப்...

சேலம். ஈரோடு. இப்போது கரூர்.

திருச்சி, சிறப்பாசிரியை: நாளைக்கு 9 பேரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே நாளில் முடியுமா?

மூன்று பேர். காலை டீக்குப் பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன். யாரைப் பற்றிக் கேட்கிறீர்களோ அவர் புகைப்படம் மேசைமேல் இருக்கட்டும், அவர் அறையில் இருக்க வேண்டாம். நீங்கள் அவர்களுடைய ஆசிரியை என்றால் நீங்களும் கேட்காதீர்கள், பக்கத்துப் பள்ளியிலிருந்து யாரையாவது வரச் சொல்லுங்கள். மீதி ஆறு பேர் அடுத்த வாரம்.