புது ரிசீவரை வைப்பதா, விடுவதா? ஃபேன்டசி ஃபுட்பால் கேள்வி-பதில்

ஃபேன்டசி ஃபுட்பால் என்பது, அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். வீரர்களை வைத்து நாமே ஓர் அணி அமைத்து, அவர்கள் களத்தில் எடுப்பதைப் பாயிண்டாக எண்ணும் போட்டி. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இளம் வைட் ரிசீவர்களை, அதாவது பாஸைப் பிடிக்க ஓடும் ஆட்டக்காரர்களைப் பற்றியவை. அதனால் முழுப் பகுதியையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டோம். கணக்குகள் எல்லாம் பி.பி.ஆர். முறையில்: கேட்ச்சுக்கு 1, பத்து யார்டுக்கு 1, டச்டவுனுக்கு (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது) 6.

டிராஃப்ட்டில் (கல்லூரி வீரர்களை என்.எஃப்.எல். அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் எடுக்கப்பட்ட ரூக்கி (முதலாண்டு வீரர்) என் அணியில் இருக்கிறார். இரண்டு வாரத்தில் மொத்தமே ஐந்து கேட்ச். கழற்றிவிடலாமா?

2020-ல் மின்னசோட்டாவின் ஜஸ்டின் ஜெஃபர்சனும் முதல் இரண்டு வாரத்தில் ஐந்து கேட்ச்தான் பிடித்தார். மொத்தம் 70 யார்டு. மூன்றாவது வாரம் டென்னசிக்கு எதிராக 7 கேட்ச், 175 யார்டு, ஒரு டச்டவுன். இடையில் திறமை கூடிவிடவில்லை. மூன்றாவது வாரத்தில்தான் அவரைத் தொடக்க வரிசையில் இறக்கினார்கள். ஆண்டு முடிவில் 88 கேட்ச், 1,400 யார்டு.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை ரூட் (பாஸ் வாங்க ஓடும் பாதை) ஓடுகிறார் என்பதை. அணி 35 முறை பாஸ் போட முனைந்தால், அதில் இவர் எத்தனை முறை களத்தில் இருந்து ரூட் ஓடினார்? 85 விழுக்காட்டைத் தாண்டினால் முழுநேர ஆள். 50-க்குக் கீழே என்றால் மாற்று ஆள். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. பாயிண்டுக்கு முன்னால் வரும் மணி இந்த ரூட் விழுக்காடுதான். வாரத்துக்கு வாரம் 40, 52, 68 என்று ஏறினால் கேட்ச் பூஜ்யமானாலும் வைத்திருங்கள்.

அடுத்தது, ஓடிய ரூட்டில் எத்தனைக்குப் பந்து வந்தது என்பது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு ஆட்டத்தில் அணியின் பாஸ் முயற்சி 140. உங்கள் ஆள் ஓடியது 60 ரூட், டார்கெட் (அவரை நோக்கி வீசிய பந்து) 15. அதாவது ரூட்டுக்கு 25 விழுக்காடு. 20 என்றாலே நல்ல ரிசீவர், 25 என்றால் நட்சத்திரங்களின் எண். இவர் 85 விழுக்காடு ரூட் ஓடத் தொடங்கினால் அதே நான்கு ஆட்டத்தில் 119 ரூட். விகிதம் 22-க்கு இறங்கும் என்று வைத்தாலும் 26 டார்கெட், ஆட்டத்துக்கு ஆறரை. இறக்கித் தீர வேண்டிய ஆள் ஆகிவிடுவார்.

ஏன் விகிதத்தை இறக்கிக்கொள்ள வேண்டும்? குறைவாக ஓடும் இளைஞர்களைப் பெரும்பாலும் அவர்களுக்கென்றே வரைந்த ஆட்டங்களுக்கு மட்டும்தான் உள்ளே அனுப்புவார்கள். ஸ்க்ரீன் பாஸ், கையோடு கொடுக்கும் குட்டிப் பாஸ் இவையெல்லாம் விகிதத்தை ஊதிக் காட்டும். சராசரி டார்கெட் தூரம் 4, 5 யார்டுதான் என்றால் அந்த 25-ஐ நம்பாதீர்கள். 9, 10 யார்டில் அதே 25 வந்தால் தடுப்பாளரைத் தாண்டித் தானே சம்பாதித்தது.

ரூட் கணக்கு கிடைக்காதவர்கள் ஸ்னாப் விழுக்காட்டை, அதாவது அணியின் மொத்த ஆட்டங்களில் எத்தனைக்குக் களத்தில் நின்றார் என்பதைப் பார்க்கலாம். ஆனால் அதில் பாஸ் போடாமல் பந்தோடு ஓடும் ரன் ஆட்டங்களும் கலந்திருக்கும். பிளாக்கிங் (எதிரணியைத் தடுப்பது) நன்றாகச் செய்யும் ஆள் 70 விழுக்காடு ஸ்னாப்பில் நின்று, மூன்று டார்கெட்டோடு வீட்டுக்குப் போவார்.

எங்கள் கெடு ஐந்தாவது அல்லது ஆறாவது வாரம். அதற்குள் ரூட் 50 விழுக்காட்டையும் டார்கெட் விகிதம் 15-ஐயும் தாண்டாவிட்டால் ரீடிராஃப்ட் (ஆண்டுதோறும் புதிதாக அணி எடுக்கும்) லீக்கில் விட்டுவிடலாம். பை வாரங்கள் (அணிகளின் ஓய்வு வாரங்கள்) தொடங்கும்போது பெஞ்சில் இடம் விலை ஏறும்.

டிராஃப்ட் சுற்றுக்கு எவ்வளவு மதிப்பு கொடுப்பது? லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் நட்சத்திரம் புக்கா நகுவா ஐந்தாம் சுற்றுதானே!

நகுவாவைக் காட்டி டிராஃப்ட் இடத்தை ஒதுக்குவது, லாட்டரியில் ஜெயித்தவனைப் பார்த்து வேலையை விடுவது மாதிரி. உயர்ந்த இடம் திறமைக்கு அத்தாட்சி என்பதைவிட வாய்ப்புக்கு அத்தாட்சி. பெரிய முதலீடு செய்த அணி, சொதப்பினாலும் மறுபடி மறுபடி இறக்கும். நான்காம், ஐந்தாம் சுற்று ஆளுக்கு ஒரு பந்தைத் தவறவிட்டாலே பெஞ்ச் காத்திருக்கிறது.

ஆனால் அந்த அத்தாட்சிக்குக் காலாவதித் தேதி உண்டு. லக்வான் ட்ரெட்வெல் 2016-ல் 23-வது தேர்வு. முதல் ஆண்டு முழுக்க ஒரே கேட்ச், 15 யார்டு. அவ்வளவு கீழே போனால் இரண்டாம் ஆண்டுவரை காத்திருக்கக்கூட வேண்டாம். சாதாரணமாக இரண்டு ஆண்டுக்குப் பிறகு, எந்தச் சுற்றில் எடுத்தார்கள் என்பதை மறந்துவிட்டுக் களத்தில் செய்ததை மட்டும் பாருங்கள்.

40 யார்டை 4.3 நொடிக்குள் ஓடுபவரா, 4.5 ஓடுபவரா?

நேரத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். ஜான் ராஸ் 2017-ல் 4.22 ஓடி ஒன்பதாவது தேர்வாகப் போனார். முதல் ஆண்டில் ஒரு கேட்ச்கூட இல்லை. பிறகு நட்சத்திரமான கூப்பர் கப் 4.62. கடிகாரம் மிக மெதுவாக இருந்தால் எச்சரிக்கை. மிக வேகமாக இருப்பது மட்டும் போதாது.

முதல் ஆண்டே டச்டவுனாகக் குவித்தவருக்கு அடுத்த ஆண்டு எவ்வளவு விலை கொடுக்கலாம்?

டச்டவுனைக் கேட்ச்சால் வகுத்துப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு கேட்ச்சுக்கு ஒன்று என்பது நல்ல ரிசீவருக்கும் தாராளம்தான். கிரீன் பேயின் கிறிஸ்டியன் வாட்சன் 2022-ல் 41 கேட்ச்சில் 7 டச்டவுன் எடுத்தார், ஏறத்தாழ ஆறுக்கு ஒன்று. இது நீடிக்க இரண்டில் ஒன்று நடக்க வேண்டும்: அதிர்ஷ்டம் தொடர வேண்டும், அல்லது கேட்ச் பெருக வேண்டும். 2024-ல் 29 கேட்ச், 620 யார்டு, 2 டச்டவுன். காயங்களும் சேர்ந்துகொண்டன, உண்மைதான். ஆனாலும் 2022-ஐப் பார்த்து விலையை ஏலத்தில் ஏற்றிவிட்டவர்கள் வாங்கியது டச்டவுனை, டார்கெட்டை அல்ல.

எதிர்ப்பக்கமும் உண்டு. 100 டார்கெட்டுக்கு மேல் வாங்கி இரண்டோ மூன்றோ டச்டவுன் மட்டும் எடுத்த இளைஞர்தான் மலிவாகக் கிடைக்கும் சரக்கு.

என் ஆள் அருமையானவர், குவார்ட்டர்பேக்தான் (பாஸ் வீசுபவர்) மோசம். என்ன செய்வது?

குவார்ட்டர்பேக்கின் தரத்தைவிட, அணி எத்தனை பாஸ் போடுகிறது என்பதுதான் பெரிய விஷயம். இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்த்தால் புரியும்.

அட்லாண்டாவின் டிரேக் லண்டன் 2022-ல் எட்டாவது தேர்வு. 117 டார்கெட். அணி போட்ட பாஸ் 415 மட்டுமே என்பதால் அது 28 விழுக்காட்டுப் பங்கு. மூத்த நட்சத்திரங்கள் வாங்கும் பங்கு. ஆனாலும் 72 கேட்ச், 866 யார்டு, 4 டச்டவுன் என்று சுமார் 183 பாயிண்டில் நின்றார். அடுத்த ஆண்டும் 69 கேட்ச், 905 யார்டு. பலர் சலித்துப் போய் விற்றார்கள். 2024-ல் பயிற்சியாளர் குழு மாறியது, குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸ் வந்தார். 158 டார்கெட், 100 கேட்ச், 1,271 யார்டு, 9 டச்டவுன், 281 பாயிண்ட். சிறிய சட்டியில் பெரிய பங்கு வாங்கியவருக்குச் சட்டி பெரிதானால் தானாகவே நிறையும். தலைகீழாக, பெரிய சட்டியில் 13 விழுக்காடு வாங்குபவருக்கு அப்படி ஒரு மாற்றம் காத்திருக்கவில்லை.

இன்னொருவர் நியூயார்க் ஜயன்ட்ஸின் மலிக் நேபர்ஸ், 2024. அந்த அணி மூன்றே ஆட்டம் ஜெயித்தது. டேனியல் ஜோன்ஸ், டாமி டிவீட்டோ, டிரூ லாக் என்று குவார்ட்டர்பேக் மாறிக்கொண்டே இருந்தார்கள். நேபர்ஸ் 15 ஆட்டத்தில் 170 டார்கெட், 109 கேட்ச், 1,204 யார்டு. ஆடத் தெரியாதவனுக்குத்தான் மேடை கோணல்.

குவார்ட்டர்பேக் நிஜமாகவே கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. சராசரி டார்கெட் தூரம் 14 யார்டுக்கு மேல் உள்ள ரிசீவருக்குப் பந்து போய்ச் சேர வலுவான கையும், அதற்கு முன் மூன்று நொடி பாதுகாப்பும் வேண்டும். இரண்டும் இல்லாத அணியில் இவருடைய டார்கெட்டில் பாதி பிடிக்க முடியாத பந்துகளாக இருக்கும். ஸ்லாட்டில் (ஓரத்தில் இல்லாமல் உள்பக்கமாக) நின்று 7, 8 யார்டில் பந்து வாங்குபவர் அதே அணியில் பிழைத்துக்கொள்வார்.

பயிற்சி முகாமில் பந்தைத் தவறவிடுகிறார் என்று செய்தி வருகிறது.

2021 ஆகஸ்டில் சின்சினாட்டியின் ஜமார் சேஸைப் பற்றியும் அதே செய்திதான். கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைக் கோடு என்.எஃப்.எல். பந்தில் இல்லை, பழகவில்லை என்றார், சிரித்தார்கள். அந்த ஆண்டு 1,455 யார்டு, 13 டச்டவுன். முகாம் செய்தியில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் அணியோடு நிற்கிறாரா, இரண்டாம் அணியோடா.

கல்லூரி எண்களில் எதை நம்பலாம்?

மொத்த யார்டை விடுங்கள். அணியின் பாஸ் யார்டில் இவர் பங்கு எவ்வளவு, அதை எந்த வயதில் எட்டினார் என்று பாருங்கள். 19, 20 வயதிலேயே 20 விழுக்காட்டைத் தாண்டியவர் ஒரு ரகம். ஐந்தாம் ஆண்டில், 23 வயதில், தன்னைவிடச் சின்னப் பையன்களோடு மோதி 1,200 யார்டு எடுத்தவர் வேறு ரகம்.

இந்தக் கணக்கு சறுக்கும் இடம், கூட ஆடியவர்களும் பெரிய ஆட்களாக இருக்கும்போது. 2019 எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணியில் சேஸ் 1,780 யார்டு, ஜெஃபர்சன் 1,540. ஒருவர் பங்கை மற்றவர் தின்றார்கள். ஒஹையோ ஸ்டேட்டின் ஜாக்சன் ஸ்மித்-இஞ்சிக்பா 2021-ல் கேரட் வில்சனையும் கிறிஸ் ஓலாவேயையும் தாண்டி 1,606 யார்டு எடுத்தார். மறு ஆண்டு தொடைக் காயத்தால் ஐந்தே கேட்ச். கடைசி ஆண்டை மட்டும் பார்த்தவர்கள் கோட்டைவிட்டார்கள். சியாட்டிலில் முதல் ஆண்டு 628 யார்டு, இரண்டாம் ஆண்டு 100 கேட்ச், 1,130 யார்டு.

மூத்த ரிசீவர் காயம். இளைஞர் திடீரென்று வெடிக்கிறார். வேவரில் (யார் அணியிலும் இல்லாத வீரர்களுக்கான ஏலம்) 100 டாலர் பட்ஜெட்டில் எவ்வளவு போடலாம்?

2023-ல் ராம்ஸ் அணியின் மூத்த ரிசீவர் கப் காயத்தால் முதல் நான்கு ஆட்டம் இல்லை. நகுவாவுக்கு முதல் வாரம் 15 டார்கெட், 10 கேட்ச், 119 யார்டு. இரண்டாவது வாரம் 20 டார்கெட், 15 கேட்ச், 147 யார்டு. "கப் வந்தால் முடிந்தது கதை" என்றவர்கள் நிறையப் பேர். கப் வந்தார், நகுவா 105 கேட்ச், 1,486 யார்டோடு ரூக்கி சாதனை படைத்தார். 2021-ல் டெட்ராய்ட்டின் அமோன்-ரா செயின்ட் பிரவுன், மற்றவர்கள் காயத்தில் இருக்க, கடைசி ஆறு ஆட்டத்திலும் எட்டுக்குக் குறையாமல் கேட்ச் பிடித்தார்; எல்லோரும் திரும்பிய பிறகு அடுத்த ஆண்டு 106.

காலியிடம் ரூட்டைத்தான் கொடுக்கும்; ரூட்டுக்கு 25 விழுக்காடு டார்கெட் என்பது அவரே சம்பாதிப்பது. எனவே முதல் மூன்று வாரத்துக்குள், முழு ரூட்டும் 10-க்கு மேல் டார்கெட்டும் வந்தால் 35 முதல் 45 டாலர். நான்கு டார்கெட்டில் ஒரு 70 யார்டு டச்டவுன் மட்டும் என்றால் 5 டாலருக்கு மேல் போகாதீர்கள். பத்தாவது வாரத்துக்குப் பிறகு கையில் இருப்பதை மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? போட்டுவிடுங்கள்.

டைனஸ்டி லீக் (வீரர்களை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது). இரண்டு ஆண்டு ஒன்றும் நடக்கவில்லை. விற்கலாமா?

ஒன்றும் நடக்கவில்லை என்பதில் இரண்டு வகை. ஹியூஸ்டனின் நிகோ காலின்ஸ் முதல் இரண்டு ஆண்டும் 446, 481 யார்டுதான். ஆனால் இரண்டாம் ஆண்டு ஆடிய 10 ஆட்டத்தில் 66 டார்கெட் வந்திருந்தது; பந்து கேட்கத் தெரிந்த ஆள். குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுட் வந்த 2023-ல் 1,297 யார்டு. இந்த வகையை வைத்திருக்கலாம், வைத்திருப்பவர் சலிப்பில் விற்றால் வாங்கவும் செய்யலாம்.

ரூட் முழுதாக ஓடியும் டார்கெட் வராதவர் இரண்டாம் வகை. விற்றுவிடுங்கள். கிரீன் பேயின் டவான்டே ஆடம்ஸ் என்று உடனே சொல்வீர்கள்: முதல் இரண்டு ஆண்டு 446, 483 யார்டு, பிறகு 2016-ல் 997 யார்டும் 12 டச்டவுனும். சரிதான். ஆனால் அவர் பெயரைச் சொல்லிப் பலர் பத்து ஆண்டாகப் பெஞ்சில் அடைத்துவைத்த ரிசீவர்களின் பட்டியல் இந்தப் பக்கத்தில் அடங்காது.