வயதான பெற்றோரோடு ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நடுத்தர எஸ்யூவி எதை வாங்கலாம்?

திருச்சியில் இருக்கிறீர்கள், பெற்றோரோடு சேர்த்து ஐந்து பேர், மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டம், ஆன்ரோடு (சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து) 18 லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். கிரெட்டாவா கிராண்ட் விட்டாராவா, டீசலா பெட்ரோலா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோவையில் இருக்கிறேன், எங்கள் வீட்டு நிலைமையும் கிட்டத்தட்ட இதுதான். நாங்கள் வாங்கியது ஹோண்டா எலிவேட், சிவிடி (படிப்படியான கியர் இல்லாமல் சீராக மாறும்) ஆட்டோமேட்டிக். அது உங்களுக்கும் பொருந்துமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஆனால் பின் சீட்டையும் இன்ஜினையும் முதலில் முடிவு செய்யுங்கள், பிராண்டைப் பற்றிய பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த அளவு வண்டி தேவையா என்று பாருங்கள். 4 மீட்டருக்கு உட்பட்ட சின்ன எஸ்யூவிகளுக்கு, இன்ஜின் அளவும் சட்டம் சொல்லும் வரம்புக்குள் இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதைத் தாண்டிய கிரெட்டா, செல்டோஸ், எலிவேட், கிராண்ட் விட்டாரா எல்லாவற்றுக்கும் 40 சதவீதம். வித்தியாசம் பெரிது. நான்கு பேர் குடும்பமாக இருந்தால் சின்னதையே பார்க்கச் சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் பின்னால் மூன்று பேர் உட்கார வேண்டும், டிக்கியில் ஐந்து பேர் பையும் போக வேண்டும். அதனால் 4.3 மீட்டர் வண்டிக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது.

என் அம்மாவுக்கு மூட்டு வலி. சின்ன காரில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. மஹிந்திரா ஸ்கார்பியோ-என் (Scorpio-N) மாதிரி உயரமான வண்டியில் ஏறுவதே கஷ்டம். நடுத்தர எஸ்யூவியில் சீட் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்கும், அப்படியே பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துவிடலாம். வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு இந்த ரகத்தை நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். எனவே டெஸ்ட் டிரைவுக்கு அப்பா அம்மாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர்கள் தாங்களாகவே ஏறி இறங்கட்டும், நீங்கள் கை கொடுக்காதீர்கள். அப்புறம் மூன்று பேரையும் பின்னால் உட்கார வைத்து அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். நடுவில் உட்கார்பவருக்குத் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மும்முனை பெல்ட் இருக்கிறதா, தலை சாய்க்க ஹெட்ரெஸ்ட் இருக்கிறதா, தரை நடுவில் மேடாக இருந்து காலை மடக்க வைக்கிறதா என்று பாருங்கள். பனோரமிக் சன்ரூஃப் உள்ள வண்டிகளில் பின்னால் தலைக்கு மேல் இடம் குறையும். உங்கள் அப்பா உயரமானவர் என்றால் இது தினமும் உறுத்தும். ஃபோக்ஸ்வேகன் டைகூனும் ஸ்கோடா குஷாக்கும் ஓட்டுபவருக்கு அருமையான வண்டிகள், எனக்கு ஸ்டியரிங் பிடித்த விதத்தில் டைகூன் மிகவும் பிடித்தது. ஆனால் பின்னால் மூன்று பெரியவர்கள் என்றதும் எங்கள் வீட்டில் அது நின்றுவிட்டது.

இன்ஜினுக்குக் கணக்குப் போட்டுவிடலாம். மாதம் 1,000 கிலோமீட்டர் என்று வையுங்கள். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், ஊருக்குள் 12 மைலேஜ் என்றால் மாதம் சுமார் 8,400 ரூபாய். டீசல் 93 ரூபாய், 17 மைலேஜ் என்றால் சுமார் 5,500. மிச்சம் 2,900 ரூபாய். டீசல் வண்டிக்கு ஒன்றரை லட்சம் கூடுதல் விலை, அதன் மேல் சாலை வரி என்று சேர்த்தால் 1.77 லட்சம். அதை எடுக்க ஐந்து வருஷம் ஆகும். உங்கள் ஓட்டம் 800தான், இன்னும் தள்ளிப்போகும். பிஎஸ் 6 என்ற புகை விதிப்படி வரும் டீசலில் புகையின் கரியைப் பிடித்து எரிக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது சுத்தமாக வேண்டுமானால் வண்டி சூடாகி, நெடுஞ்சாலையில் சீராகக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். தில்லைநகருக்கும் சத்திரம் பேருந்து நிலையத்துக்கும் மட்டும் போய் வந்தால் வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுபவர் என்றால் யோசிக்காமல் டீசல் எடுக்கச் சொல்வேன்.

கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் இரண்டிலும் உள்ள ஸ்ட்ராங் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் வண்டியை ஓட்டும் முறை, நல்ல தொழில்நுட்பம். நெரிசலில்தான் அது அதிகம் மிச்சப்படுத்தும், லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்பது கம்பெனி சொல்லும் சான்றளிக்கப்பட்ட எண். ஆனால் பேட்டரி பின்னால் இடம் பிடிப்பதால் டிக்கி சுருங்கிவிடும், உங்கள் பட்ஜெட்டையும் தாண்டும். டர்போ பெட்ரோலில் வரும் டிசிடி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் நெடுஞ்சாலையில் பிரமாதம், ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்ச் சூடாகும். ஆக உங்களுக்கு 1.5 லிட்டர் சாதாரண பெட்ரோல், சிவிடி அல்லது அதே ரகமான ஐவிடி ஆட்டோமேட்டிக் போதும். ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேரோடு ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தம் முதலில் வரும், வேகம் அப்புறம் வரும். பொறுமையாக ஓட்டுபவருக்கு இது பிரச்சினை இல்லை. அடிக்கடி மலை ஏறுபவர் என்றால் டர்போ பாருங்கள்.

விலையில் நம் ஊருக்கே உரிய ஒரு சுமை சாலை வரி. 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையான கார்களுக்கு 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். யூடியூபில் டெல்லி விலையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். 18 லட்சம் ஆன்ரோடு என்றால் எக்ஸ்ஷோரூம் விலை (சாலை வரி, இன்சூரன்ஸ் சேர்க்கும் முன்) பதினான்கு, பதினான்கரை லட்சத்தில்தான் நிற்க வேண்டும். 10 லட்சத்துக்கு மேல் பில் போட்டால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். இன்சூரன்ஸை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்ற சட்டம் கிடையாது. வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கிக் காட்டினாலே தொகை இறங்கும். பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷனோடு இன்ஜின் பாதுகாப்பும் சேருங்கள். தண்ணீரில் மூழ்கிய இன்ஜினுக்குச் சாதாரண பாலிசி பெரும்பாலும் பணம் தராது, 2015 வெள்ளத்தில் சென்னையில் பலர் இதை அனுபவித்தார்கள்.

பாதுகாப்பில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குஷாக்கும் டைகூனும் 2022இல், கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர், குழந்தை இரண்டு பிரிவிலும் 5 நட்சத்திரம் வாங்கின. அதற்கு முந்தைய குளோபல் என்கேப் சோதனைகளில் பழைய கிரெட்டாவும் பழைய செல்டோஸும் பெரியவர் பிரிவில் 3 நட்சத்திரம்தான். நீங்கள் வாங்கும் மாடலின் இப்போதைய முடிவைத் தேடிப் பாருங்கள். ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்சி, இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த வேரியண்ட் வேண்டவே வேண்டாம். அதற்காக சன்ரூஃபை விடலாம், பெரிய திரையை விடலாம்.

வேரியண்ட் முடிவானதும் வண்டியைப் பதிவுக்கு அனுப்பும் முன் டீலர் வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டிலேயே போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஓடோமீட்டர், கண்ணாடிகள், பெயிண்ட், ஸ்டெப்னி, ஏசி எல்லாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். தயாரிப்பு மாதமும் வருஷமும் ஆர்சியில் ஏறும், விற்கும்போது அதை வைத்துத்தான் விலை பேசுவார்கள். ஜனவரியில் போய்ப் போன வருஷ வண்டியைத் தருகிறார்கள் என்றால், அதற்கேற்ற தள்ளுபடியை எழுத்தில் வாங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.