'திவா' பற்றிக் கேட்டீர்கள்

கேள்வி: பிரெஞ்சு த்ரில்லர் என்றாலே 'திவா' பார் என்கிறார்கள். அப்படி என்ன கதை, அண்ணா?

பதில்: 1981-ல் வந்த படம், ழான் ழாக் பெனெக்ஸ் இயக்கிய முதல் முழுநீளப் படம். ஜூல்ஸ் என்ற இளம் தபால்காரனுக்கு ஓபரா பாடகி சிந்தியா ஹாக்கின்ஸ் என்றால் உயிர். அவரோ தன் பாட்டை ஒலிப்பதிவு செய்ய யாரையும் விடாதவர். இவன் கச்சேரியில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்துவிடுகிறான். அந்த டேப்புக்காக இரண்டு தைவான்காரர்கள் அலைகிறார்கள். அப்புறம், கொலையாவதற்குச் சற்று முன் ஒரு பெண் இவனுடைய மொபெட் பையில் ஒரு கேசட்டைப் போட்டுவிடுகிறாள். போலீஸ் உயர் அதிகாரி ஒருவரின் குட்டு அதில் இருக்கிறது. அதற்கு இரண்டு கொலைகாரர்கள் பின்னால் வருகிறார்கள். போலீஸ்காரர் ஒருவரிடமிருந்து தப்ப, மொபெட்டோடு படியிறங்கி மெட்ரோவுக்குள் ஓட்டும் காட்சிக்காகவே பார்க்கலாம்.

கேள்வி: சொந்த ஊரிலேயே எடுபடவில்லையாமே?

பதில்: முதலில் எடுபடவில்லைதான். வெறும் பளபளப்பு என்று விமர்சகர்கள் பலர் ஒதுக்கிவிட்டார்கள். அதே ஆண்டு டொராண்டோ திரைப்பட விழாவில் ரசிகர்கள் கொண்டாடினார்கள். 1982-ல் அமெரிக்காவில் வெளியானபோது அந்நாட்டு விமர்சகர்கள் பாலின் கேல், ரோஜர் ஈபர்ட் இருவரும் மனதாரப் பாராட்டினார்கள். பிரான்சிலும் காற்று திசை மாறி, அந்த ஆண்டு பிரெஞ்சு சினிமாவின் உயரிய விருதான செசார் நான்கு கிடைத்தன: சிறந்த முதல் படம், ஒளிப்பதிவு, இசை, ஒலி. அந்தப் பளபளப்பு கதைக்குத் தேவையானது என்பதுதான் என் கருத்து. அழகில் மயங்கிக் கிடப்பவனின் கண்ணால் பார்த்தால் பாரிஸ் அப்படித்தான் நீலமாகத் தெரியும்.

கேள்வி: பாடியது நடிகையேவா, பின்னணிக் குரலா?

பதில்: அவரேதான். வில்ஹெல்மீனியா ஃபெர்னாண்டஸ், அமெரிக்க சொப்ரானோ, அதாவது உச்சக் குரலில் பாடும் ஓபரா பாடகி. பாட்டு இத்தாலிய இசையமைப்பாளர் கத்தலானியின் 'லா வாலி' ஓபராவில் வருவது. பாரிஸின் பூஃப் து நோர் அரங்கில் எடுத்தார்கள். காரை பெயர்ந்த அந்தச் சுவர்களுக்கு நடுவே அவர் குரல் எழும்ப, ஜூல்ஸ் வைத்திருக்கும் பையில் நாக்ரா ரெக்கார்டரின் டேப் சுற்றிக்கொண்டிருக்கும். நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சப்டைட்டில் வேண்டுமா?

பதில்: கட்டாயம்.

கேள்வி: ஜூல்ஸ் செய்தது திருட்டுதானே? அவனை எப்படி ரசிப்பது?

பதில்: சரி, திருட்டுதான். சிந்தியாவின் மேடை அங்கியையும் எடுத்துக்கொண்டு போகிறான். படமும் அதை மறைக்கவில்லை. முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசியில் ஆளில்லாத அரங்கில் அந்த டேப்பை அவருக்கே போட்டுவிடுகிறான். தான் பாடியதை சிந்தியா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறார்.