செவ்வாயில் தீக்குச்சி கிடைக்குமா?

செவ்வாயில் ராக்கெட் எஞ்சினைப் பற்றவைப்பது பற்றிப் பேசுகிறோம். அதற்குத் தனி ரசாயனம் எதற்கு?

எல்லாவற்றுக்கும் தேவையில்லை. ஹைட்ரசின் வகை எரிபொருளும், அதை எரிக்க ஆக்சிஜன் தரும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் தொட்டுக்கொண்டாலே எரியும். 2023 செப்டம்பரில் விக்ரம் லேண்டர் நிலவில் 40 செ.மீ. எம்பியது அந்த வகை எஞ்சின்களால்தான். மண்ணெண்ணெய்க்கும் திரவ ஆக்சிஜனுக்கும் அந்தக் குணம் கிடையாது. ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் ட்ரைஎதில் அலுமினியமும் ட்ரைஎதில் போரேனும் கலந்த திரவம் அந்த வேலையைச் செய்கிறது. ஏவும் கணத்தில் அடியில் பச்சையாக ஒரு வெட்டு வெட்டுகிறதே, அது போரானின் நிறம்.

எஞ்சினைச் செவ்வாயில் செய்தால், அந்தக் கலவையையும் அங்கேயே தயாரிக்கலாமா?

காகிதத்தில் தயாரிக்கலாம். செவ்வாயின் கேல் பள்ளத்தில் போரான் இருப்பதை நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி கண்டது. மண்ணில் அலுமினியம் ஆக்சைடாகக் கிடக்கிறது. அதைப் பிரித்து, ஹைட்ரஜனும் எத்திலீனும் சேர்த்து, ஆக்சிஜனோ ஈரமோ எட்டாத ஆலையில் சமைக்க வேண்டும். சில லிட்டருக்காக யார் ஆலை கட்டுவார்கள்? பூமியிலிருந்து குப்பியில் கொண்டுபோய்விடலாம். ஆனால் ஒவ்வொரு பற்றவைப்புக்கும் கொஞ்சம் செலவாகும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். 2018 பிப்ரவரியில் ஃபால்கன் ஹெவியின் நடுப்பகுதி தரையிறங்கும்போது திரவம் போதாமல் மூன்று எஞ்சின்களில் ஒன்றுதான் எரிந்தது; அது கடலில் விழுந்தது.

உங்கள் தேர்வு எது?

ரசாயனமே வேண்டாம். மீத்தேனையும் ஆக்சிஜனையும் அங்கேயே எடுக்கலாம். நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்சி கருவி 16 முறை இயங்கி, செவ்வாயின் காற்றிலிருந்தே 122 கிராம் ஆக்சிஜன் எடுத்துக் காட்டிவிட்டது. எஞ்சினுக்குப் போகும் அதே இரு வாயுக்களில் துளியளவு பிரித்து, மின்பொறியால் கொளுத்தி, அந்தச் சிறு சுடரை எஞ்சினுக்குள் விட்டால் போதும்.

சிக்கல் வேறிடத்தில். செவ்வாயின் காற்றழுத்தம் சுமார் 6 மில்லிபார். இவ்வளவு மெல்லிய வாயுவில் மின்சாரம் கண்ட இடத்தில் தாவும். வெற்றிடக் கலத்தில் ஒருமுறை, பிளக் முனையில் வர வேண்டிய பொறி ஒரு சாண் பின்னால், ஒயர் இணைப்பைச் சுற்றி ஊதா வெளிச்சமாகப் படர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். முனையில் ஒன்றுமில்லை. இணைப்பு முழுவதையும் இடைவெளி விடாமல் பிசினால் அடைத்த பிறகுதான் பொறி முனைக்கு வந்தது. எந்தத் திரவம் என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் ஒயரைப் பார்க்கட்டும்.

செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற, ஆக்சிஜன் நிறைந்த உப்பு இருக்கிறதாமே?

2008-இல் நாசாவின் ஃபீனிக்ஸ் லேண்டர் கண்டது. சுத்திகரித்தால் எஞ்சினைப் பற்றவைக்கும் வெடிமருந்துத் தோட்டா செய்யலாம். ஒரு தோட்டா, ஒரே முறை. அவசரத்துக்குக் கையில் இருக்கட்டும்.

தொட்டால் எரியும் ஜோடியையே கொண்டுபோனால் என்ன?

நைட்ரஜன் டெட்ராக்சைடு மைனஸ் 11 டிகிரியிலும் ஹைட்ரசின் பிளஸ் 2 டிகிரியிலும் உறையும். செவ்வாயின் சராசரி மைனஸ் 60-ஐ ஒட்டியது. தொட்டிகளுக்கு இரவு பகலாக ஹீட்டர் போட வேண்டியிருக்கும்.