யாக்கோபு, பவுல், ஆபிரகாம்: ஒத்த வசனங்களைச் சேர்த்துப் படிப்பது எப்படி?

கேள்வி: ஒத்த வசனங்களின் எண்களை ஓரத்தில் அச்சிட்ட ரெஃபரன்ஸ் பைபிள் வாங்கியிருக்கிறேன். யாக்கோபு 2-ஆம் அதிகாரத்தைத் திறந்தால் ஓரக்குறிப்புகள் ரோமர், ஆதியாகமம், எபிரெயர் என்று இழுத்துக்கொண்டே போகின்றன. ரோமரில் பவுல் விசுவாசம் என்கிறார், யாக்கோபு கிரியையும், அதாவது செயலும், வேண்டும் என்கிறார். குழப்பம்தான் மிஞ்சுகிறது. எப்படிப் படிப்பது?

பதில்: இந்த இடத்தில் குழம்பியவர்களில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரும் ஒருவர். 1522-இல் புதிய ஏற்பாட்டுக்கு அவர் எழுதிய முன்னுரையில் யாக்கோபின் நிருபத்தை (கடிதத்தை) 'வைக்கோல் நிருபம்' என்றே சொல்லிவிட்டார். அதனால் சோர்ந்துபோகாதீர்கள்.

ஓரக்குறிப்புகள் எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. எழுதியவரே வேறொரு பகுதியை எடுத்துச் சொல்லும் இடம்தான் மிக உறுதியான இணைப்பு. யாக்கோபு 2:23, ரோமர் 4:3 இரண்டுமே ஆதியாகமம் 15:6-ஐச் சொல்கின்றன: "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்." ஆகவே யாக்கோபிலிருந்து நேரே ரோமருக்குத் தாவாமல், முதலில் ஆதியாகமத்துக்குப் போங்கள். அந்த ஒரு வசனத்தோடு நிறுத்தாமல் 15-ஆம் அதிகாரம் முதல் 22 வரை வாசியுங்கள்.

வாசிக்கும்போது ஆபிரகாமின் வயதைக் குறித்துக்கொள்ளுங்கள். இஸ்மவேல் பிறந்தபோது 86, விருத்தசேதனம் (தேவனோடு செய்த உடன்படிக்கைக்கு அடையாளமாக நுனித்தோலை நீக்குவது) பண்ணப்பட்டபோது 99, ஈசாக்கு பிறந்தபோது 100. 15:6 இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. அப்புறம் ரோமர் 4:10-ஐத் திறந்தால், அவன் நீதிமானாக எண்ணப்பட்டது விருத்தசேதனத்துக்கு முன்னா பின்னா என்று பவுல் ஏன் கேட்கிறார் என்பது விளங்கும். நடுவில் குறைந்தது 13 வருஷம் இருக்கிறது. விருத்தசேதனம் இல்லாத புறஜாதியாருக்கும் (யூதரல்லாதவருக்கும்) ஆபிரகாம் தகப்பன்தான் என்ற அவருடைய வாதம் முழுவதும் இந்த வரிசையில்தான் நிற்கிறது.

விசுவாசம் செயலில் தெரிய வேண்டும் என்பதற்கு யாக்கோபு எடுப்பது, ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப்போன ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்துப் பலிபீடத்தை. அதற்குள் ஈசாக்கு விறகு சுமக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். யாக்கோபு 2:15-16-ஐயும் பாருங்கள்: உடையும் ஆகாரமும் இல்லாத சகோதரனை வெறும் வாழ்த்தோடு அனுப்பிவிடுகிறவனிடம் அவர் பேசிக்கொண்டிருக்கிறார். பவுலுக்கு முன்னிருந்த கேள்வி வேறு, இவருக்கு முன்னிருந்த கேள்வி வேறு. இரண்டையும் இறையியலில் எப்படிப் பொருத்துவது என்பதில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டினருக்கும் இன்றும் வேறுபாடு உண்டு. ஆனாலும் உங்கள் வாசிப்பில் பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இணைப்பு அடுத்ததுதான். தேவன் மரித்தோரிலிருந்தும் எழுப்ப வல்லவர் என்று ஆபிரகாம் எண்ணினான் என்கிறது எபிரெயர் 11:19. அதைப் படித்துவிட்டு ஆதியாகமம் 22:5-க்குத் திரும்புங்கள். பிள்ளையைப் பலியிடப் போகிறவன் வேலைக்காரரிடம் "திரும்பி வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறான்!

சொல் ஒன்றாக இருப்பதால் மட்டும் சேரும் குறிப்புகளில் கவனம் தேவை. 1 பேதுரு 5:8-இல் சிங்கம் பிசாசுக்கு உவமை. வெளிப்படுத்தின விசேஷம் 5:5-இல் சிங்கம் கிறிஸ்து.

ஒரு நாளைக்கு மூன்று குறிப்புகள் போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது ஏன் இங்கே சேர்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால், சரி, அந்தக் குறிப்பை இப்போதைக்கு விட்டுவிடலாம்.