கர்ப்பம் என்று சொன்னதும் ஒப்பந்தம் முடிந்தது: என்ன கேட்கலாம்?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில், வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 28,000 ரூபாய். இ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை. முதல் குழந்தை, ஐந்தாவது மாதம். விஷயத்தைச் சொன்னதும், இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம் என்கிறார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்தால் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகத் தருவார்களாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டினால் வேலை திரும்பக் கிடைக்குமா?

பதில்: சகோதரி, அந்த ராஜினாமாவில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். போட்டால் 'அவராகவே போய்விட்டார்' என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

உங்களுக்கு நடப்பது பாகுபாடுதான். ஆனால் சமத்துவ உரிமை தரும் அரசியலமைப்பின் 14, 16ஆம் பிரிவுகள் அரசைத்தான் நேரடியாகக் கட்டுப்படுத்தும். தனியார் நிறுவனத்திடம் உங்களுக்குக் கைகொடுப்பது பேறுகாலச் சட்டம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. அடிப்படை உரிமை மாறவில்லை. பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனம், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை, இவை இருந்தால் 26 வாரச் சம்பளம் உண்டு. சம்பளத்தில் உள்ள சில படிகள் (அலவன்ஸ்) இந்தக் கணக்கில் வராமல் போகலாம். அப்படிப் போனாலும் அவர்கள் நீட்டும் ஒரு மாதத்தைவிட இது எவ்வளவோ அதிகம். ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக எழுதியிருந்தாலும் செல்லாது.

நீங்கள் சொல்லும் தீர்ப்பு 2023 ஆகஸ்டில் வந்த கவிதா யாதவ் வழக்காக இருக்கும். டெல்லி அரசு மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்த மருத்துவர் அவர். 2017 ஜூன் 1 முதல் விடுப்புக் கேட்டார். ஜூன் 11இல் ஒப்பந்தம் முடிவதால் 11 நாள்தான் தர முடியும் என்றது நிர்வாகம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தகுதி இருந்தால், ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் முழுப் பலனைத் தர வேண்டும் என்றது.

கவனியுங்கள், அந்தத் தீர்ப்பு தந்தது பேறுகாலப் பலனை. ஒப்பந்தத்தை நீட்டித்துத் தரவில்லை. அதனால் பணம் விஷயத்தில் உங்கள் வழக்கு பலமானது. வேலை திரும்பக் கிடைப்பது கடினம். மற்றவர்களுக்குப் புதுப்பித்துவிட்டு உங்களை மட்டும் விட்டிருந்தால், உண்மைக் காரணம் கர்ப்பம்தான் என்று வாதாடலாம். அதற்கு ஆதாரம் வேண்டும். எச்.ஆர். அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அலுவலக மெயில் முடங்குவதற்குள் சம்பளச் சீட்டுகளையும் பழைய ஒப்பந்தங்களையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம், பிரசவத் தேதி போட்ட ஸ்கேன் அறிக்கையின் நகலோடு, விடுப்பு தொடங்கும் நாளைக் குறிப்பிட்டு, பேறுகாலப் பலன் கேட்டு நிறுவனத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் புகார் கொடுக்கலாம். பணத்தைத் தரச் சொல்லி உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வேலைநீக்கம் என்று எழுத்தில் கொடுத்தால், மேல்முறையீட்டுக்கு 60 நாள்தான். கடிதம் கையில் கிடைத்த தேதியைக் குறித்து வைத்து, அந்த வாரமே ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பாருங்கள்.